கட்டை போட்டால் (கிரிக்கெட்டில் ரன் தேடாமல் பந்தைத் தடுத்தே ஆடினால்) அணிக்கு நல்லதா, கெட்டதா? கேள்வி பதில்

கேள்வி: புஜாரா மாதிரி ஆடினால் ரன்னே வராதே, அணிக்கு என்ன லாபம்?

பதில்: 2021 ஜனவரி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பிரிஸ்பேன் டெஸ்ட். இந்தியாவுக்கு இலக்கு 328. புஜாரா 211 பந்தில் 56. உடம்பெல்லாம் அடி, ஹெல்மெட்டிலும். ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன் ஆகிய ஆஸ்திரேலிய பவுலர்கள் நால்வரும் அந்தத் தொடரின் 4 டெஸ்டிலும் ஓய்வில்லாமல் வீசியவர்கள். அவர்களிடம் மிச்சமிருந்த தெம்பையும் இவர் உறிஞ்சிவிட்டார். அப்புறம்தான் ரிஷப் பந்த்தின் 89 நாட் அவுட். பந்த் தனியாளாக ஜெயித்தார் என்பவர்கள் ஹைலைட்ஸ் மட்டும் பார்த்தவர்கள்!

கேள்வி: அப்போ ஒருநாள் போட்டிக்கும் இதே நியாயம்தானே?

பதில்: இல்லை. டெஸ்டில் பந்துக்குப் பஞ்சமில்லை, விக்கெட்டுக்குத்தான் பஞ்சம். ஒருநாளில் இருப்பதே 300 பந்து. நீங்கள் வீணாக்கிய பந்தின் கடனை அடுத்து வருபவர் அடைக்க வேண்டும். 2017 ஆன்டிகுவாவில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக இலக்கு வெறும் 190. தோனி 114 பந்தில் 54, இந்தியா 11 ரன்னில் தோற்றது. ஆடுகளம் மந்தம்தான். ஆனாலும் சிக்ஸர் யாரும் கேட்கவில்லை. கூடுதலாக ஒரு டஜன் சிங்கிள் போதுமே.

கேள்வி: கவாஸ்கர் 60 ஓவர் ஆடி 36 எடுத்தது கட்டுக்கதையா?

பதில்: நிஜம். 1975 உலகக் கோப்பை, லார்ட்ஸ். அப்போது ஒருநாள் போட்டிக்கு 60 ஓவர். இங்கிலாந்து 334, இந்தியா 132. அவர் 174 பந்தில் 36 நாட் அவுட். விழுந்தது 3 விக்கெட்தான், 7 விக்கெட் மிச்சமிருந்தும் அடிக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

கேள்வி: 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ராகுலின் 107 பந்து 66?

பதில்: 81 ரன்னுக்கு 3 விக்கெட் என்ற நிலையில் வந்தவர் நிதானம் காட்டியதில் தப்பில்லை. ஆனால் மொத்தமே ஒரே ஒரு பவுண்டரி. நிலைத்த பிறகும் பார்ட் டைம் பவுலர்களைக்கூட விரட்டவில்லை. அது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: டெஸ்டில் டிராவுக்காகக் கட்டை போட்டால் எப்போதும் சரிதானா?

பதில்: அடிலெய்டு 2012இல் தென்னாப்பிரிக்காவின் டு பிளெஸ்ஸி 376 பந்தில் 110 நாட் அவுட். டெஸ்ட் டிரா, களைத்துப்போன ஆஸ்திரேலியாவை அடுத்து பெர்த்தில் தென்னாப்பிரிக்கா சாய்த்தது. டெல்லி 2015இல் இந்தியாவுக்கு எதிராக அதே தென்னாப்பிரிக்கா: அம்லா 244 பந்தில் 25, டி வில்லியர்ஸ் 297 பந்தில் 43. ஆனால் 143க்கு ஆல் அவுட், தோல்வி. இங்கே வீசியவர்கள் பெரும்பாலும் சுழல் பந்து வீச்சாளர்கள், அவ்வளவு சீக்கிரம் களைக்க மாட்டார்கள். ரன் போகும் பயமே இல்லாததால் இந்திய கேப்டன் கோலி மட்டையைச் சுற்றியே ஆள் நிறுத்தினார். ஜடேஜா 46 ஓவரில் 33 மெய்டன் (ரன்னே தராத ஓவர்), அஸ்வினுக்கு 5 விக்கெட்.