120 ஆரஞ்சையும் யார் துருவுவது?

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு 60 ஆரஞ்சு கேக் ஆர்டர் பிடித்திருக்கிறேன் அம்மா. கேக்குக்கு 2 பழத்தின் தோல் துருவல் என்பது என் கணக்கு. 120 பழத்தைத் துருவினால் கை என்னத்துக்கு ஆகும்? முன்கூட்டியே எடுத்து வைக்கலாமா? சில சமயம் கேக் லேசாகக் கசக்கவும் செய்கிறது.
(நாகர்கோவில் வாசகி)

பதில்: துருவியை ஓரமாக வையுங்கள் அம்மணி. ரெண்டு பழத்துக்கு அது சரி; 120 பழத்துக்கு பீலரும் மிக்ஸியும்தான்.

முதலில் பழம். நாக்பூர் ஆரஞ்சு வேண்டாம். தோல் தொளதொளவென்று இருக்கும், பீலர் பிடிக்காது. சுளையோடு தோல் இறுக ஒட்டியிருக்கும் இறக்குமதி ஆரஞ்சு வாங்குங்கள். அதன் மேல் பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் முக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

மணமெல்லாம் மேல்தோலில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அடியிலுள்ள வெள்ளைதான் உங்கள் கேக்கைக் கசக்க வைத்தது. பீலரை அழுத்தாமல் இழுங்கள். சீவின தோலைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை தடிப்பாக இருந்தால் பலகையில் படுக்க வைத்துக் கத்தியால் வழித்துவிடலாம். ஜூஸ் பிழிவது அப்புறம்தான். பிழிந்த தொப்பையில் தோல் சீவ முடியாது.

நடுத்தரப் பழம் ஒன்றுக்குச் சுமார் 6 கிராம் தோல் கிடைக்கும். 100 கிராம் தோலுக்கு 300 கிராம் சர்க்கரை சேர்த்து, ஈரமில்லாத ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். சர்க்கரை தோலைக் கீறி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். துருவிப் போட்டதைவிட மணம் தூக்கலாகவே இருக்கும். ஒரு கேக்குக்கு இதில் 48 கிராம் நிறுத்துப் போட்டால் 2 பழத் தோல் கணக்கு சரி. செய்முறையிலுள்ள சர்க்கரையில் 36 கிராம் குறைத்துவிடுங்கள்.

தாராளமாக முன்கூட்டியே செய்யலாம். ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைத்தால் ரெண்டு மூன்று மாதம் தாங்கும். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், மணம் பறந்துவிடும். அது குளியல் பொடிக்குத்தான் லாயக்கு. தெர்மாகோல் கப்பிலும் வைக்காதீர்கள். ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

தோல் போன பழம் சீக்கிரம் வாடும். அன்றைக்கே பிழிந்து அன்றைக்கே குடிக்கக் கொடுத்துவிடுங்கள். அடியில் தொப்புள் மாதிரி இருக்குமே, அந்த ரகத்தின் ஜூஸ் வைக்க வைக்கக் கசக்கும். நாக்பூர் ஆரஞ்சு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தோலைப் பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் வெல்லமும் போட்டுக் குழம்பு வையுங்கள். கேக்கைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்!

கேள்வி: எலுமிச்சைக்கும் இதே முறைதானா?
(அதே வாசகி)

பதில்: இல்லை. நம்மூர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லிசு, பீலர் போட்டால் வெள்ளையும் சேர்ந்தே வரும். மிக நுண்ணிய பல் உள்ள துருவிதான் சரி. ஒரு பழத்துக்கு ஒரு டீஸ்பூன் தேறினாலே அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெளியே கிளம்புமுன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அந்த எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் சிவந்து கொப்புளம் வரும். வடு கறுத்து வாரக்கணக்கில் நிற்கும்.