ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் அடையாளத்தையும் சமூகத்தையும் எப்படி எழுதியிருக்கிறார்கள்? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள ஒரு கண்டத்தை ஒரே பதிலில் அடக்க முடியாது. என்னை விடாமல் பிடித்துக்கொண்ட சில நாவல்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்க இலக்கியம் என்றாலே "வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் கெட்டது" என்ற கதைதான் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் வந்தது உண்மை, கெடுத்ததும் உண்மை. ஆனால் அங்குள்ள பெரிய எழுத்தாளர்கள் அதைவிடக் கடினமான கேள்விகளைக் கேட்டார்கள். அவன் நுழைய நம் வீட்டில் எந்தக் கதவு திறந்திருந்தது? அவன் போன பிறகும் எது மாறவே இல்லை?

நைஜீரியாவின் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவல், என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. இக்போ மக்களின் உமுவோஃபியா என்ற ஊர். ஒகோங்க்வோ அங்கே பேர்பெற்ற மல்வீரன். பக்கத்து ஊரார் செய்த ஒரு கொலைக்கு ஈடாக இகெமெஃபுனா என்ற சிறுவனைக் கொடுக்கிறார்கள். மூன்று வருடம் ஒகோங்க்வோ வீட்டிலேயே வளர்கிறான், அவனை அப்பா என்றே கூப்பிடுகிறான். ஒகோங்க்வோவின் மகன் ந்வோயேவுக்கு அவன் அண்ணன் மாதிரி. அப்புறம் ஒருநாள் அவனைக் கொல்லச் சொல்லித் தெய்வவாக்கு வருகிறது. "அவன் உன்னை அப்பா என்கிறான், நீ இதில் கை வைக்காதே" என்று ஊர்ப் பெரியவர் எச்சரித்தும் ஒகோங்க்வோ கூடவே போகிறான். வெட்டுப்பட்ட பையன் அப்பா என்று கத்திக்கொண்டு இவனிடம்தான் ஓடி வருகிறான். கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒகோங்க்வோவே அவனை வெட்டிச் சாய்க்கிறான்.

பாதிரிமார் அந்தப் பகுதிக்கு வருவது இதற்கெல்லாம் பிறகுதான். அவர்கள் சொன்ன திரித்துவம், அதாவது ஒரே கடவுள் மூவராக இருக்கிறார் என்பது, ந்வோயேவுக்குப் புரியவே இல்லை. அவர்கள் பாடிய பாட்டு, அவன் மனதில் கிடந்த இகெமெஃபுனாவின் சாவைத் தொட்டது; காட்டில் விடப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையைத் தொட்டது. இரட்டையாகப் பிறந்தால் தீட்டு என்று காட்டில் போட்டுவிடுவது அந்த ஊர் வழக்கம். அப்படித் தன் பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்த ஒரு பெண், முதலில் மதம் மாறியவர்களில் ஒருத்தி. பிறகு ஒசுக்கள் வருகிறார்கள். ஒசு என்றால் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள், அவர்களுடைய வாரிசுகள். ஊரோடு பெண் எடுக்கவோ கொடுக்கவோ முடியாது. ஊர்க்கூட்டத்தில் உட்கார முடியாது. முடி வெட்டக் கூடாது. செத்தால் தீய காட்டில்தான் புதைக்க வேண்டும். தமிழ் வாசகருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரும்பாலானவர்கள் இந்த நாவலோடு அச்செபேயை முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் 1960இல், நைஜீரியா விடுதலை பெற்ற அதே ஆண்டில், அவர் 'நோ லாங்கர் அட் ஈஸ்' எழுதினார். அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. மதம் மாறிய ந்வோயே இப்போது ஐசக், ஓய்வு பெற்ற உபதேசியார். அவருடைய மகன் ஓபியை ஊர்ச் சங்கம் பணம் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கிறது. திரும்பி வந்தவனுக்கு லாகோஸில் நல்ல அரசு வேலை. கிளாரா என்ற நர்ஸைக் காதலிக்கிறான். அவள் ஒசு.

ஐசக் என்ன சொல்லுவார்? இகெமெஃபுனாவுக்காகத் தகப்பனையே விட்டு வந்தவர், ஒசுக்களோடு ஒரே கோயிலில் ஜெபம் செய்தவர். அவர் முடியாது என்கிறார். அம்மாவோ, நான் உயிரோடு இருக்கும்போது நீ அவளைக் கட்டினால் செத்துப்போவேன் என்கிறாள். கிழக்கு நைஜீரியாவில் ஒசு முறையை ஒழித்து 1956லேயே சட்டம் வந்துவிட்டது. பெயர் மாறியது, மதம் மாறியது, சட்டமும் மாறியது. கல்யாணப் பேச்சு வந்ததும் எல்லாரும் பழைய உமுவோஃபியாவுக்கே திரும்பிவிடுகிறார்கள். விடுதலைக் கொண்டாட்டம் நடந்த வருடத்தில் தன் மக்களைப் பார்த்து இதைச் சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும்!

இதே கேள்விகள் ஒரு பெண்ணிடம் வரும்போது இன்னும் கூர்மையாகின்றன. ஜிம்பாப்வேயின் சிட்சி டங்கரெம்பா எழுதிய 'நெர்வஸ் கண்டிஷன்ஸ்' (1988), தன் அண்ணன் செத்ததற்கு வருந்தவில்லை என்று ஒரு பெண் சொல்வதில் தொடங்குகிறது. படிப்புக்காகத் தானே மக்காச்சோளம் விதைத்து வளர்த்தவள் டாம்பு. அந்தச் சோளத்தைத் திருடியவன் அந்த அண்ணன். அவன் செத்த பிறகுதான் மிஷன் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. படித்த பெரியப்பா வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் வளர்ந்து திரும்பிய அவர் மகள் நியாஷா அங்கேயும் இங்கேயும் ஒட்ட முடியாமல், சாப்பிட மறுத்து உருக்குலைகிறாள். குடும்பத்தைக் கரையேற்றும் நல்ல மனிதரும் மகளை நொறுக்கும் அப்பாவும் ஒரே ஆள்தான்.

செனகலின் மரியாமா பா 1979இல் பிரெஞ்சில் எழுதிய 'சோ லாங் எ லெட்டர்' மிகச் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். கணவனை இழந்து துக்கம் காக்கும் ஓர் ஆசிரியை தன் தோழிக்கு எழுதும் நீண்ட கடிதம். மகளுடைய சிநேகிதியையே இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்ட கணவன் அவன்.

சமூகத்தைப் பற்றி எழுதுவது ஒன்று, சமூகத்தோடு சேர்ந்து எழுதுவது வேறு. இரண்டாவதைச் செய்தவர் கென்யாவின் கூகி வா தியாங்கோ. 1977இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடியது. அதற்காக அவரை யாரும் கைது செய்யவில்லை. அதே வருடம், லிமுரு பக்கம் தன் சொந்த ஊரான கமிரீதுவில் கிகூயு மொழியில் ஒரு நாடகம் போட்டார். கூகி வா மிரீ என்ற இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. பெரிய பணக்காரன் ஒரு கூலிக்காரனுடைய ஒன்றரை ஏக்கரைப் பறிக்கும் கதை. ஊர்க்காரர்களே திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள், அவர்களே நடித்தார்கள், வசனத்தைத் திருத்தியும் கொடுத்தார்கள். சில வாரங்களில் அரசு அனுமதியை ரத்து செய்தது. டிசம்பர் 31 அன்று கூகி வா தியாங்கோ கைதானார். விசாரணை இல்லாமல் கமிதி (Kamiti) என்ற சிறையில் ஏறக்குறைய ஒரு வருடம். அங்கே கழிப்பறைக் காகிதத்தில் கிகூயுவில் ஒரு நாவல் எழுதினார். 1982இல் அந்த அரங்கத்தையே இடித்துத் தள்ளினார்கள். இத்தனைக்கும் அது விடுதலை பெற்ற கென்யா. பிரிட்டிஷ்காரன் போய்ப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. படித்தவர்கள் ஆங்கிலத்தில் விமர்சித்தால் பொறுத்துக்கொண்ட அரசு, நிலமில்லாதவர்கள் தங்கள் மொழியில் தங்கள் கதையை நடித்ததும் பயந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். 'சிதைவுகள்' படியுங்கள், சூட்டோடு சூடாக 'நோ லாங்கர் அட் ஈஸ்' எடுங்கள். இடையில் வேறு எந்தப் புத்தகத்தையும் எடுக்காதீர்கள், ஐசக் யார் என்பது மனதில் பசுமையாக இருக்க வேண்டும். அடுத்து டங்கரெம்பா. டாம்புவின் கதையை அவர் 2006, 2018 ஆண்டுகளில் மேலும் இரண்டு நாவல்களாகத் தொடர்ந்திருக்கிறார், இந்த வரிசையின் மூன்றாவது நாவல் புக்கர் பரிசின் இறுதிப்பட்டியல் வரை போனது. அவற்றை வரிசை மாற்றாமல் படியுங்கள்.