சமத்துவப் பயிற்சி: முதலாளிமாரும் அலுவலர்களும் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் கடைக்காரருக்கும் அரச அலுவலர்களுக்கும் சமத்துவச் செயலமர்வு நடத்திவரும் ஒரு அக்காவிடம் வந்த கேள்விகளும் அவரின் பதில்களும்.

புடைவைக்கடை உரிமையாளர், கஸ்தூரியார் வீதி: அக்கா, நாங்கள் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் நடத்துறம். எங்களுக்கு ஏன் பயிற்சி?

பதில்: நல்லது தம்பி. ஆனால் கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரையும் ஆர் சொல்லி எடுத்தனீங்கள்? "தெரிஞ்ச ஆக்கள்" என்றுதான் அநேகமாக எல்லாரும் சொல்லுவினம். தெரிஞ்ச ஆக்கள் என்றால் பெரும்பாலும் அதே ஊர், அதே கோயில், அதே சாதி. ஒருவரையும் வேணுமென்று ஒதுக்காமலே பாதிப் பேருக்குக் கதவு மூடிப்போகுது. அடுத்த ஆளுக்கு அறிவித்தல் ஒட்டுங்கோ. என்ன வேலை, என்ன சம்பளம், என்ன தகுதி என்று எழுதிப் போடுங்கோ. வாற எல்லாரிட்டையும் அதே கேள்வியளைக் கேளுங்கோ.

அதே உரிமையாளர்: பெண் பிள்ளையிட்ட கலியாணத்தைப் பற்றிக் கேட்கலாமோ? பிரசவ லீவு எங்களுக்குப் பாரம்.

பதில்: ஆம்பிளையிட்ட கேட்காத கேள்வியைப் பெண்ணிட்டயும் கேட்காதேங்கோ. 2018க்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையென்றாலும் லீவு 84 நாள்தான். முந்தி மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள். கர்ப்பத்தைக் காட்டி வேலையால நிப்பாட்டவும் ஏலாது. சின்னக் கடைக்குச் செலவு கூட என்றது உண்மை, அதை நான் மறுக்கேல்லை. ஆனால் அந்தச் செலவை வேலை தேடி வாற பிள்ளையின்ர தலையில கட்டக்கூடாது.

பிரதேச செயலக அலுவலர்: அரச வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கு 3 வீதம் என்று 1988இலேயே சுற்றுநிருபம் இருக்கு. விண்ணப்பிக்கத்தான் ஆளில்லை, மிஸ்.

பதில்: இவ்வளவு பேர் போரில கை கால் இழந்த மாகாணத்தில ஆளில்லையென்று சொல்ல எனக்கு மனம் வரேல்லை. உங்கட அறிவித்தலை எடுத்துப் பாருங்கோ. ஸ்கான் பண்ணின படமாகப் போட்டிருந்தால், பார்வையில்லாத பட்டதாரியின்ர போன் அதை வாசித்துச் சொல்லாது. நேர்முகப் பரீட்சை மேல்மாடியிலயோ? வாசலில சாய்தளம் இருக்கோ? ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்றது பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. நான் பார்த்த ஒரு அலுவலகத்தில மூன்று படிக்கு நாலு அடியில சீமெந்து போட்டு இழுத்திருந்தது. சக்கர நாற்காலியில வாறவர் பின்னால சரிஞ்சு விழுவார். பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தது 2006இல. இன்னொன்று: மாற்றுத்திறனாளியென்று ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக்கூடாதென்ற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியாரையும் கட்டும்.

உள்ளூராட்சி உத்தியோகத்தர்: செயலமர்வுக்குச் சுத்திகரிப்புத் தொழிலாளரையும் கூப்பிடவேணுமோ?

பதில்: கட்டாயம். முதல் நாள் அவையள் தனிய இருக்கட்டும், மேலதிகாரி முன்னால ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். ஒரு அலுவலகத்தில தேத்தண்ணி நேரம் பார்த்தன்: எல்லாருக்கும் பீங்கான் கோப்பை, அவையளுக்கு மட்டும் கடதாசிக் கப். கேட்டால் "அது வழக்கம்". சாதி பார்த்து ஒதுக்கிறதைக் குற்றமாக்கின சட்டம் 1957இலேயே வந்திட்டுது. அந்தக் கப்பைப் பற்றிக் கதைக்காத சமத்துவப் பயிற்சி எனக்குத் தேவையில்லை.

இளம் ஊழியர்: மேற்பார்வையாளர் ஆபாசமாகக் கதைத்திட்டு "பகிடி" என்கிறார்.

பதில்: தங்கச்சி, அது பகிடியில்லை, பாலியல் தொந்தரவு. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில ஐந்து வருசம் வரை சிறை. திகதி, நேரம், சொன்ன சொல்லு, பக்கத்தில நின்ற ஆள் எல்லாத்தையும் எழுதி வையுங்கோ. முதலாளிமாருக்கு: முறைப்பாடு அந்த மேற்பார்வையாளருக்கு ஊடாகப் போகாமல் இன்னொரு வழி வையுங்கோ.

பட்டதாரி, சாவகச்சேரி: அரச நியமனத்தில பாகுபாடு நடந்தால் எங்க போறது?

பதில்: சமத்துவ உரிமையைச் சொல்லுற அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் நாட்டின்ர உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள்ள. அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு பதிந்தால், அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது. யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கு. கடிதத்தின்ர பிரதியைக் கையில வைச்சிருங்கோ, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதேங்கோ.