வெயிலா, குளிரா?

கேள்வி: வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஊட்டிப் பக்கம் குடிபோகலாம் என்கிறார் கணவர். எனக்கோ காங்கேயம் பக்கம் அப்பாவின் தோட்டத்து வீடுதான் ஆசை. நீங்கள் யார் பக்கம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்கள் பக்கந்தானுங்க அம்மணி. குன்னூரில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். மலை அழகுதான், மறுக்கமாட்டேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். சித்திரையிலும் ராத்திரிக்குப் போர்வை வேண்டும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். தினமும் பாட்டிலை வெந்நீரில் நிற்க வைத்துத்தான் தலைக்குத் தேய்ப்பேன். ஐப்பசி மழையில் கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஒரு தடவை வந்து தங்கிய என் அம்மா, முழங்கால் வலியோடுதான் ஊர் திரும்பினார்.

காங்கேயத்து வெயில் கடுமைதான். ஆனால் வறண்ட வெயில். வேப்ப மரத்தடிக்கு வந்தால் உடம்பு ஆறிவிடும். ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடுகிறதே! ஆடியில் திண்ணையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தால், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மாடு கொழுக்கட்டைப் புல்லை நறுக் நறுக்கென்று கடிப்பது கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் ஊர் திரும்பினேன்.

போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா என்று சித்திரை, வைகாசியில் நேரில் போய்ப் பாருங்கள். கணவரை ஆடியில் கூட்டிப்போய் நாலு நாள் தங்க வையுங்கள்.