ஓவசியர் பதில்கள்: வெளிச்சவீடு பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: போன வருடம் கனடாவில் மகனிடம் நின்றபோது, ஹூரோன் ஏரிக்கரை ஓரமாகக் காரில் கூட்டிப்போய் வெளிச்சவீடு வெளிச்சவீடாகக் காட்டினான். பொயின்ட் கிளார்க் என்ற இடத்தில் 1859இல் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது ஒன்று, இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. இந்த மார்கழிக்கு அவன் பிள்ளைகளோடு இங்கே வருகிறான். வன்னியிலும் அப்படி ஏரிக்கரையால் ஒரு பயணம் போகலாமா?
- வாசகி, பரந்தன்

பதில்: தங்கச்சி, முதலில் ஒரு கணக்கு. ஹூரோன் ஏரி ஏறக்குறைய 59,600 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுக்க 65,610. நாட்டைத் தூக்கி அந்த ஏரிக்குள் வைத்தால் கொஞ்சம்தான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அங்கே கப்பல் ஓடுகிறது, கப்பல் தரை தட்டுகிறது, அதனால் ஏரிக்கரையில் வெளிச்சவீடு. நம்முடைய குளத்தில் ஓடுவது தோணி. அதற்குக் கரையில் ஒரு குப்பிவிளக்குப் போதும். ஆகவே இங்கே குளம் ஓரிடம், வெளிச்சவீடு வேறிடம். இரண்டையும் ஒரு பகலில் கோர்க்கலாம்.

முல்லைத்தீவில் இருந்த வெளிச்சவீடு யுத்தத்தோடு போய்விட்டது. போய்ப் பார்க்க நிற்பது தலைமன்னாரில். மன்னார் எப்படி வன்னியாகும் என்று யாராவது வீட்டில் சண்டைக்கு வந்தால், தேர்தல் மாவட்டத்தைக் காட்டுங்கள். அதில் மன்னார் வன்னிக்குள் இருக்கிறது. உங்கள் கிளிநொச்சியைத்தான் யாழ்ப்பாணத்தோடு சேர்த்திருக்கிறார்கள்!

விடியப்புறம் வெளிக்கிட்டு மாங்குளம் வந்து, மல்லாவிப் பக்கம் திரும்புங்கள். வவுனிக்குளத்தில் தேத்தண்ணி. வெள்ளாங்குளத்தில் மன்னார் றோட்டைப் பிடித்தால் பிறகு நேர்பாதைதான். பாலாவியில் கால் நனைத்துத் திருக்கேதீச்சரம் கும்பிடுங்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். அப்புறம் உடனே மன்னார்த் தீவுக்குள் போய்விடாமல், மதவாச்சி றோட்டில் திரும்பிக் கட்டுக்கரைக்குளத்துக்கு வாருங்கள்.

இங்கே நான் கொஞ்சம் பக்கச்சார்பானவன். ஓவசியராக இளவயதில் இந்தக் குளக்கட்டில்தான் நடந்து திரிந்தேன். ஒரு மாரியில் துருசுப் படியில் (தண்ணீர் திறந்துவிடும் மதகுதான் துருசு) பாசி வழுக்கி விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. இரணைமடுக் குளத்தைப் பார்த்த கண்ணுக்கு இது ஆழம் குறைந்த குளம். அகலம்தான் இதன் அழகு. நிறைந்து கிடக்கும்போது பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். கொப்பில் நீர்க்காகம் இரண்டு சிறகையும் விரித்து, கொடியில் காயப்போட்ட கறுப்புச் சட்டை மாதிரி இருக்கும். பிள்ளைகளை அலைகரைப் பக்கம் மட்டும் பார்க்கவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். துருசடிக்குக் கூட்டிப்போய்க் காது கொடுக்கச் சொல்லுங்கள். கதவை ஒரு விரல் உயர்த்தினாலே உள்ளே தண்ணீர் உறுமும். அந்தத் தண்ணீர் அருவியாற்றில் தேக்கம் என்ற அணையில் மறித்து வாய்க்காலால் கொண்டுவந்தது. இந்தக் குளத்தை அனுராதபுரத்து அரசன் தாதுசேனன் கட்டியதாகச் சொல்வார்கள். யார் கட்டினாலும் மட்டம் பார்த்தவன் கெட்டிக்காரன்.

மத்தியானச் சாப்பாடு மன்னாரில். பள்ளிமுனைப் பெருக்கமரத்தை (பேயோபாப் என்கிற மரம்) தவறவிடவேண்டாம். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல், உயரமோ ஏழெட்டு மீற்றர்தான். கையை வைத்துப் பாருங்கள், யானைத்தோல் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். போர்த்துக்கேயர் 1560இல் கட்டிய கோட்டையை வெயிலைப் பொறுத்துப் பாருங்கள்.

தலைமன்னாருக்கு நாலு மணிக்கு முன் போகாதீர்கள். ஒரு வைகாசியில் பேரப்பிள்ளைகளை உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி, சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று குழறியது இன்னும் வீட்டில் என் தலையில்தான் கிடக்கிறது. போகிற வழியில் இடப்பக்கம் காற்றாலைகள் தெரியும். பிள்ளைகள் எண்ணட்டும், 30 இருக்கின்றன.

தலைமன்னாரில் கப்பல் வந்து அணையும் துறைமேடை 1914இல் திறந்தது, வெளிச்சவீடு அடுத்த வருடம். அதை வெறும் கோபுரமாகப் பார்த்தால் அஞ்சு நிமிடத்தில் அலுத்துவிடும். மெட்ராஸில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலேறி, மணல்திட்டுகளுக்குப் பக்கத்தால் இருட்டில் வந்தவர்களுக்கு அந்த வெளிச்சம்தான் "ஊர் வந்திட்டுது" என்று சொன்னது. என் பெரியப்பா அப்படி வந்தவர். அவருடைய டிரங்குப்பெட்டியில் இப்போது எங்கள் விதைநெல் கிடக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. 1990இல் நின்ற ரயில் 2015இல் திரும்பி வந்தது, கப்பல் வரவில்லை. பழைய துறைமேடை துருவேறிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் ஏறவிடாதீர்கள்.

மார்கழி என்பதுதான் எனக்கு யோசனை. மழை பிடித்தால் குளங்கள் நிறைந்து வழிந்து வான் பாயும், தாழ்ந்த றோட்டில் தண்ணீர் ஏறும். வெளிக்கிட முதல் நாள் மன்னாரில் யாரையாவது போனில் கேளுங்கள். மகனுக்கு லீவு நீண்டு, தை பிற்பகுதி வரை நின்றால் அதிர்ஷ்டம்: குளமும் நிறைந்திருக்கும், வானமும் வெளித்திருக்கும், வங்காலைப் பக்கம் பூநாரைகளும் நிற்கும்.

கேள்வி: மன்னார் பஸ் நிலையத்தில் நிற்கும் கழுதைகள் யாருடையவை?
- மாணவன், முழங்காவில்

பதில்: ஒருவருடையதும் இல்லை, தம்பி. அரேபிய வணிகர்கள் சுமை தூக்கக் கொண்டுவந்தவற்றின் வாரிசுகள் என்று ஊரில் சொல்வார்கள். லொறி வந்த பிறகு அவற்றுக்கு வேலை போயிற்று, என்னைப் போலப் பென்சன் மட்டும் கிடைக்கவில்லை. போனமுறை நான் பஸ்ஸுக்கு நின்றபோது ஒன்று பின்னால் வந்து பையிலிருந்த கதலிப்பழச் சீப்போடு இந்தப் பகுதிக்கு வந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்துத் தின்றுவிட்டது. பதில் வராத அந்த இரண்டு வாசகர்களும் தயவுசெய்து திரும்ப எழுதவும்.