பதினேழு வயதுக் கண்ணில் லேசர் எதற்கு?

கோயம்புத்தூர் பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தைச் சுற்றி வளர்கிற பிள்ளைகளுக்கு விமானி ஆசை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தேஜஸ் போர் விமானம் தலைக்கு மேலே போனால் வகுப்பில் வாத்தியாரே பேச்சை நிறுத்திவிடுவார். போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்த குடும்பம் அந்தப் பக்கம்தான். அப்பாவுக்கு விசைத்தறி. பையன் பிளஸ் டூ. கூடவே ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவும் வந்திருந்தார்.

பள்ளியில் நடந்த கண் முகாமில் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றேகால் பவர் என்று தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. பெரியப்பா ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். லீவில் லேசர் சிகிச்சை செய்துவிட்டு, முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதுவது, அது கிடைக்காவிட்டால் இரண்டு ஏக்கரை விற்றுத் தனியார் பயிற்சியில் சேர்த்துப் பயணிகள் விமானியாக்குவது. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கண்ணுக்கு ஒண்ணும் ஆயிடாதுங்களா சார்?"

முதல் ஐந்து நிமிடம் நானும் "கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பெரியப்பாவின் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே போதும். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு மைனஸ் பவர் இருக்கவே கூடாது. லேசர் செய்துகொண்டவர்களை ஏற்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. என்.டி.ஏ.வில் சேரும் வயது வரம்போ பத்தொன்பதரை. 20 வயதுக்கு மேல் ஆபரேஷன் செய்து, ஒரு வருடம் காத்திருந்து, பத்தொன்பதரைக்குள் எப்படிச் சேருவது? இப்போதே செய்துவிட்டால் இந்த வழி மட்டுமல்ல, பட்டப்படிப்புக்குப் பிறகு திறந்திருக்கிற ஏ.எஃப்.கேட் எனும் விமானப்படை நுழைவுத் தேர்வு வழியும் அடைபட்டுப் போகும். "சொல்லாம விட்டுடலாங்க" என்றார் பெரியப்பா. கருவிழியில் கத்தியோ லேசரோ பட்ட தடம் மருத்துவக் குழுவின் கருவியில் தெரியும். மறைத்தது தெரிந்தால் அதுவே தகுதியிழப்பு. இத்தனைக்கும் பதினேழு வயதில் பவரே இன்னும் நிலைத்திருக்காது.

விமானி ஆவதற்கான உடல் தகுதி கண்ணோடு முடிவதில்லை என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. தம்பியைச் சுவரோடு முதுகும் இடுப்பும் ஒட்ட உட்கார வைத்து, சுவரிலிருந்து முழங்கால் வரை டேப்பை நீட்டினேன். 61 சென்டிமீட்டர். 64 தாண்டினால் எடுக்க மாட்டார்கள். போர் விமானத்தில் ஆபத்து நேரத்தில் இருக்கை ராக்கெட் மாதிரி விமானியோடு வெளியே பாயும்போது, தொடை நீளமானவருக்கு முழங்கால் முன்பலகையில் அடிபடும். முதுகெலும்புக்கு அத்தனை எக்ஸ்ரே எடுப்பதற்கும் அந்த உதைதான் காரணம். உயரம் 162.5 சென்டிமீட்டராவது வேண்டும். உட்கார்ந்த உயரத்துக்கும் கால் நீளத்துக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு.

உள்ளே போனபிறகும் இது ஓயாது. வருடாவருடம் பரிசோதனை. சாதாரண ஜலதோஷம் வந்தால்கூட விமானப்படைப் பிரிவின் (ஸ்குவாட்ரன்) டாக்டர் பறக்க விடமாட்டார். மூக்கையும் காதையும் இணைக்கும் குழாய் அடைத்திருக்கும்போது வேகமாக இறங்கினால் செவிப்பறை என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறவும் முடியாது. முழுத் தகுதியை ஏ1ஜி1 என்பார்கள். ஏ என்றால் வானம், ஜி என்றால் தரை. ஏ4 என்று எழுதிவிட்டால் விமானம் ஓட்ட முடியாது, தரைப் பணிதான். நன்றாகப் பறந்துகொண்டிருந்தவருக்கும் இது நேரலாம்.

சரி, இரண்டு ஏக்கர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அரைக் கோடிக்கு மேல் ஆகும். அங்கே கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் உரிமம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் வேலை காத்திருக்கவில்லை. தறி ஓடி வருகிற காசோடு நிலத்தையும் விற்று, பற்றாததற்குக் கடன் வாங்கிப் படிக்க வைத்து, பையன் வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வட்டி யார் கட்டுவது? இதை அப்பாவிடம் இரண்டு தடவை கேட்டேன். பதில் பெரியப்பாவிடமிருந்துதான் வந்தது: "பைலட்டுன்னா ஒரு மரியாதைங்க."

அதுவரை தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்களைக் காபி சாப்பிட அனுப்பிவிட்டு நான் கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி. கோயம்புத்தூருக்கு வருகிற விமானம் எங்கே இறங்க ஆரம்பிக்கும், எதற்காக வட்டமடிக்க வைக்கிறார்கள் என்றெல்லாம் கால் மணி நேரம் சொன்னான். "ஓட்டறதவிட, யாரு எத முன்னாடி விடறாங்கன்னு பாக்கத்தான் சார் புடிக்கும்." இந்தப் பையனை எதற்கு காக்பிட்டுக்குள் திணிக்க வேண்டும்?

அவன் சொன்ன வேலைக்குப் பெயர் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் 'ஜூனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று ஆள் எடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும், இன்ஜினியரிங்கும் ஆகும். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 27. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் எடுத்து, கணிதம் துணைப்பாடமாக மதிப்பெண் சான்றில் வருகிறதா என்று சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகும் செலவு ஒரு தறியின் உதிரிபாகச் செலவுகூட இருக்காது. எழுத்துத் தேர்வுக்கு அப்புறம் குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. சேர்ந்தால் பிரயாக்ராஜ் மாதிரிப் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். அடிப்படைச் சம்பளம் 40,000-இல் தொடங்குகிறது, படிகள் தனி.

வேலை எப்படி இருக்கும் என்றால், முதலில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம். ஓடுபாதையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுப்பது. அப்புறம் ஒவ்வொரு உரிமமாக வாங்கி, ரேடார் திரைக்கு முன்னால் போகலாம். நாட்டின் வான்வெளியை நான்கு பெரிய மையங்கள் பார்த்துக்கொள்கின்றன, சென்னை அதில் ஒன்று. திரையில் நகரும் புள்ளிகளுக்கு நடுவே மேல்கீழாக 1,000 அடி இடைவெளி விட்டு ஒழுங்குபடுத்த வேண்டும். சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்கிறாரா என்று காது கூர்மையாக இருக்க வேண்டும். காது தவறக் கூடாது என்பதற்காகவே ஒன்பதை 'நைனர்' என்றும் மூன்றை 'ட்ரீ' என்றும் சொல்வார்கள். தம்பிக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

குறையும் உண்டு. இரவு ஷிஃப்ட், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பணியிடம், தேர்வு அறிவிப்பு வருடாவருடம் வரும் என்ற உத்தரவாதம் இல்லை, போட்டி கடுமை. ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் பேச வேண்டும், அதை இன்றே ஆரம்பிக்கலாம்.

காபி முடித்து வந்த பெரியப்பா, "அப்ப யூனிஃபார்ம் இல்லீங்களா?" என்றார். இருக்கிறது. பட்டம் முடித்து 20 வயதுக்குப் பின் ஏ.எஃப்.கேட் எழுதி, தரைப் பணியில் விமானப்படையின் நிர்வாகப் பிரிவுக்குப் போனால் அங்கேயும் கன்ட்ரோலர் வேலை உண்டு. குறிப்பிட்ட அளவுவரை கண்ணாடி பவரையும் ஏற்கிறார்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

முன்பணம் வேண்டாம், அதற்குப் பதில் கண் மருத்துவரிடம் ஒரு சோதனை செய்துவிட்டு வாருங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிறதா என்று ஒரு புத்தகத்தைப் புரட்டிக் காட்டுவார்கள், சில நிமிட வேலை. கோபுரத்துக்கும் நிறம் பிரித்தறியும் கண் வேண்டும், பவர் மாதிரி அதைக் கண்ணாடி போட்டுச் சரிசெய்ய முடியாது. முகாமில் அதைப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.