ஒரே பெப்டைட், ரெண்டு வயல் (குப்பி), ரெண்டு ரிசல்ட்: கம்பெனி ஏமாத்திடுச்சா?

கேள்வி: மேடம், எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு பாக்டீரியாவ கொல்ற எல்எல்-37ங்கற பெப்டைட் (அமினோ அமிலம் கோத்த சின்ன சங்கிலி) வாங்கி ஈ.கோலை பாக்டீரியா மேல எம்ஐசி, அதாவது வளர்ச்சிய நிறுத்தற குறைஞ்சபட்ச அளவு, பாக்கறேன். முதல் வயல்ல மில்லிக்கு 8 மைக்ரோகிராம் வந்துச்சு, ரெண்டாவதுல 32. ரெண்டுலயும் ப்யூரிட்டி 95%னு தான் போட்டிருக்கு. நானோட்ராப்ல (ஒளி உறிஞ்சறத வெச்சு அளவு சொல்ற கருவி) 280 நானோமீட்டர்ல வெச்சா ஒண்ணுமே காட்டல. குழி குழியா இருக்கற பழைய ப்ளேட் தீந்துட்டதால ரெண்டாவது தடவை லேப்ல கெடந்த எலைசா ப்ளேட்ல போட்டேன். காலி வயல் அனுப்பிட்டாங்களா?

பதில்: முதல்ல அந்த 280 விஷயத்த முடிச்சுடுவோம். அந்த அலைநீளத்துல ஒளிய உறிஞ்சறது முக்கியமா ட்ரிப்டோஃபானும் டைரோசினும் தான், எல்எல்-37-ல இருக்கற 37 அமினோ அமிலத்துல ரெண்டுமே கிடையாது. அதனால வயல் நெறைய இருந்தாலும் நானோட்ராப் கைய விரிக்கும். 205-ல பாக்கலாம், பெப்டைட் பிணைப்பே அங்க உறிஞ்சும், ஆனா பஃபர்ல இருக்கற உப்பும் உறிஞ்சுமே, பெப்டைட் இல்லாம அதே பஃபர மட்டும் வெச்சு ப்ளாங்க் எடுத்து கழிக்கணும். அசைக்க முடியாத அளவு வேணும்னா, பெப்டைட்ட அமினோ அமிலமா உடைச்சு அளக்கற அமினோ ஆசிட் அனாலிசிஸ் தான்.

இப்ப அந்த 95%. நெறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறது இதத்தான். பெப்டைட்ட ரெசின் மணி மேல ஒவ்வொரு அமினோ அமிலமா கோத்துத்தான் செய்றாங்க, 1963-ல மெரிஃபீல்டு கொண்டு வந்த முறை, அதுக்கு 1984-ல நோபல் வாங்கினார். ஒவ்வொரு கோப்பும் 99% சரியா நடந்தாலும் 36 தடவை கோத்து முடிக்கறப்போ முழு சங்கிலி 70% தான் தேறும், மிச்சம் எங்கயோ ஒரு அமினோ அமிலம் விட்டுப்போன சங்கிலிங்க. கலவைய பிரிக்கற எச்பிஎல்சி கருவில ஓட்டி அதுங்கள கழிச்சு விட்டப்புறம் மிஞ்சற பெப்டைட்ல எவ்வளவு சரியான சங்கிலிங்கறது தான் ப்யூரிட்டி. வயல்ல இருக்கற பொடியோட எடைல எவ்வளவு பெப்டைட்னு அது சொல்லாது. மூட்டைல நல்ல அரிசி எவ்வளவுன்னு சொல்றாங்க, ஆனா தராசுல ஈரமும் சாக்கும் சேந்து தானே நிக்குது.

இங்க சாக்கு டிஎஃப்ஏ, அதாவது ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் ஆசிட். எச்பிஎல்சி கரைசல்ல இருந்து வர்ற இந்த ஆசிட் பெப்டைட்டோட பாசிட்டிவ் சார்ஜ் இருக்கற இடத்துல எல்லாம் உப்பா ஒட்டிக்கும். உங்க பெப்டைட்ல லைசின் 6, ஆர்ஜினின் 5, முனைல 1, ஆக 12 இடம். டிஎஃப்ஏ ஒண்ணு 114 டால்டன் (மூலக்கூறு எடையோட அலகு), 12-க்கு 1368, பெப்டைட் 4493. எல்லா இடமும் நெறஞ்சிருந்தா பொடில 77% தான் பெப்டைட், ஈரத்த இன்னும் கழிக்கவே இல்ல. 5 மில்லிகிராம்னு கரைச்சீங்கன்னா உள்ள 3.8 தான் இருக்கும். சர்டிஃபிகேட்ல நெட் பெப்டைட் கன்டென்ட்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேட்டு வாங்குங்க. டிஎஃப்ஏ தானே செல்ல கொஞ்சம் தொந்தரவு பண்ணும்ங்கறதால செல் வேலைக்கு அசிட்டேட் உப்பா கேக்கறது நல்லது.

ஆனா இதெல்லாம் சேத்தாலும் கால்வாசி வித்தியாசம் தான் வரும், உங்களுக்கு வந்திருக்கறது நாலு மடங்கு. எம்ஐசில குழிக்கு குழி பாதி பாதியா டைல்யூட் பண்றதால ஒரு குழி முன்ன பின்ன போறது சகஜம், 8-க்கு 16 வந்திருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். ரெண்டு குழி தள்ளிப்போச்சுன்னா எனக்கு சந்தேகம் எலைசா ப்ளேட் மேல தான். அது புரோட்டீன் ஒட்டிக்கணும்னே செஞ்ச பாலிஸ்டைரீன், எல்எல்-37 மாதிரி பாசிட்டிவ் பெப்டைட் போய் சுவத்துல ஒட்டிக்கும், பாக்டீரியாவுக்கு மிச்சம் தான் கெடைக்கும். இந்த வேலைக்கு பாலிப்ரொப்பிலீன் ப்ளேட், பாலிப்ரொப்பிலீன் ட்யூப் தான் வேணும், கண்ணாடி வேணாம். பாக்டீரியா வளர்ற மீடியம் மாறினதா, உப்பு கூடினதான்னும் நோட்புக்ல பாருங்க, உப்பு ஏறினா இந்த பெப்டைட் சோந்து போயிடும்.

இன்னொண்ணு, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த வயல உடனே தொறந்தீங்களா? ஜில்லுனு இருக்கறப்போ தொறந்தா பொடி காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். ரூம் சூட்டுக்கு வரவிட்டு, ஒரு சுத்து சென்ட்ரிஃப்யூஜ் பண்ணிட்டு, எடை போட்டு கிள்ளாம முழு வயலயும் கரைச்சு சின்ன சின்ன ட்யூபா பிரிச்சு ஃப்ரீஸ் பண்ணுங்க.

கம்பெனிக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி ரெண்டு வயல்லயும் மிச்சம் இருக்கறத ஒரே நாள்ல, ஒரே கல்ச்சர்ல, ஒரே பாலிப்ரொப்பிலீன் ப்ளேட்ல பக்கத்துல பக்கத்துல போடுங்க. அப்பவும் ரெண்டு குழி தள்ளியே நின்னா தாராளமா சண்டை போடலாம், மூலக்கூறு எடைய காட்டற மாஸ் ஸ்பெக் ரிப்போர்ட்டும் சேத்து கேளுங்க.